இரண்டு நிலவறைகள்

1941-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24-ஆம் நாள் சென்னையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குப் பீட் என்று பெயர். தாய் மோனா, தில்லியில் பிறந்து வளர்ந்த பிரிட்டிஷ் குடும்பத்துப் பெண்மணி. உலகப் போர் ஓய்ந்ததும், 1945-ஆம் ஆண்டின் இறுதியில், பம்பாய்த் துறைமுகத்தில் 'ஜார்ஜிக்' என்னும் கப்பலேறி அக்குடும்பம் இங்கிலாந்து சென்றது. இறங்கிய துறை லிவர்ப்பூல். சென்னையில் தவழ்ந்த அந்தப் பிள்ளை பிற்காலத்தில் பீட்டில்ஸ் என்னும் இசைக்குழுவில் இரண்டாண்டுக் காலம் டிரம் வாசித்தான். உலகப் புகழ் வாயிலில் வந்து நின்ற நேரத்தில் குழுவிலிருந்து விலக்கப்பட்டான். அவனைப் பற்றி எழுதியவர் பலர். அவன் தாயைப் பற்றியும், அவள் தன் வீட்டின் அடியில் இருந்த நிலவறையைக் கொண்டு செய்த காரியத்தைப் பற்றியும் எழுதியவர் மிகச் சிலரே.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நகரத்தின் இரவு. நம் வரலாற்றுப் பாடநூல்களில் இரவுக்கு இடமில்லை. போர்கள் பகலில் நடக்கின்றன. உடன்படிக்கைகளில் பகலில் கையெழுத்திடுகிறார்கள். மன்னர் பகலில் முடி சூடுகிறார். பொழுது சாய்ந்தபின் மக்கள் எங்கே கூடினார்கள், எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்த நானும் கேட்டதில்லை. அந்தக் குறைக்கு ஒரு சிறு பரிகாரமாக இப்பேச்சைக் கொள்ளலாம்.

லிவர்ப்பூல் என்னும் பெயர் எனக்குப் பழக்கமானது பள்ளியில் அன்று, வீட்டில். 1970-களின் தொடக்கத்தில் எங்கள் வீட்டு மாடத்தில் ஒரு வால்வு ரேடியோப் பெட்டி இருந்தது. இரவு உணவு முடிந்து, தந்தையார் திண்ணைக்குச் சென்ற பிறகு, என் தமையனார் அதன் முள்ளை மெல்லத் திருப்பி இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைப் பிடிப்பார். கடல் கடந்து வரும் அலையாதலால் ஒலி எழும்பும், தாழும், ஒரு கணம் அறவே மறையும். அந்த இரைச்சலுக்கிடையே கித்தாரும் டிரம்மும் கேட்கும். எனக்குச் சொற்கள் விளங்கவில்லை. கால் மட்டும் தானாகத் தாளம் போட்டது. தமையனாருக்குப் பீட்டில்ஸ் என்றால் உயிர். எனக்கோ அதே ஊரைச் சேர்ந்த ஸெர்ச்சர்ஸ் குழுவின் மேல்தான் பற்று. ஜான் போர்டு எடுத்த ஒரு திரைப்படத்தின் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டவர்கள் அவர்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரும் அவர்கள் பாட்டில் ஒரு பளபளப்பு உண்டு. இதைச் சொல்லித் தமையனாரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். ஸெர்ச்சர்ஸ் நல்ல குழு என்பதில் இன்றும் என் கருத்து மாறவில்லை.

தந்தையார் ஒரு நாள் திண்ணையிலிருந்து உள்ளே வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நடுங்கினோம். பாட்டு எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். தமையனார் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வியப்பு. "லிவர்ப்பூலா? நம் பஞ்சு போன ஊர் அல்லவா?" என்றார்.

அவர் கூற்று முற்றிலும் உண்மை. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து வரும் பருத்தி நின்றது. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை எதிர்நோக்கின. கரிசல் மண்ணில் விளைந்த திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடியில் கப்பலேறி அந்நாடு சென்றது. லிவர்ப்பூல் பஞ்சுச் சந்தையின் விலைப் பட்டியல்களில் நம் ஜில்லாவின் பெயரே ஒரு பஞ்சு வகையின் பெயராக அச்சாகிவந்தது. நாற்பது வயதுக்குமேல் இதைப் படித்தறிந்தபோது, தந்தையார் திண்ணையில் வைத்துச் சொன்ன ஒரு வரி நினைவுக்கு வந்தது.

மெர்சி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள அந்நகரம் 1715-ல் ஒரு மூடிய கப்பல் துறையைக் கட்டியதிலிருந்து வளரத் தொடங்கியது. அதன் முதற்செல்வம் வெட்கத்துக்குரிய செல்வம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்கும் வாணிகத்தில் பிரிட்டனின் முதல் துறைமுகம் அதுவே. 1807-ல் அவ்வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டபின் பருத்தி அதன் இடத்தைப் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டில் நியூயார்க் செல்லும் பயணிகள் கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டன. 1941 மே மாதத்தின் முதல் வாரத்தில் ஜெர்மன் விமானங்கள் ஏழு இரவுகள் இடைவிடாது குண்டு பொழிந்தன. ஏறத்தாழ 1,700 பேர் மாண்டனர். நாம் பேசவிருக்கும் பாடகர்கள் அந்தப் போரின் நடுவில் பிறந்தவர்கள். குண்டு விழுந்த மனையடிகளே அவர்களுக்கு விளையாட்டு மைதானம்.

அவர்களுடைய குடும்பங்களைப் பாருங்கள், துறைமுகம் தெரியும். ஜான் லெனனின் தந்தை கப்பலில் பணியாள். ஜார்ஜ் ஹாரிசனின் தந்தையும் பேருந்து ஓட்டுவதற்குமுன் கப்பலில் வேலை பார்த்தவர். பால் மக்கார்ட்னியின் தந்தை பஞ்சு வாணிக நிலையத்தில் விற்பனையாளர். இளமையில் ஒரு சிறு நடனக் குழுவை நடத்தி மாலைகளில் வாசித்தவர். திருநெல்வேலிப் பஞ்சு ஏதேனும் அவர் கைவிரல் பட்டிருக்குமோ என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

அந்நகரில் மட்டும் இத்தனை இசைக்குழுக்கள் ஏன் முளைத்தன என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு விடை சொல்வர். நியூயார்க் சென்று மீளும் கப்பல் தொழிலாளர்கள் அமெரிக்க இசைத்தட்டுகளை மூட்டையில் கொண்டுவந்தார்கள். ஆகவே மற்ற ஊர்கள் கேளாததை லிவர்ப்பூல் முதலில் கேட்டது என்பார்கள். அழகான விடை. ஆனால் அழகான விடையைக் கண்டால் வரலாற்று மாணவன் சற்று நின்று யோசிக்க வேண்டும். அப்பாடகர்கள் பின்பற்றிய தட்டுகளில் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே பதிக்கப்பட்டு, அவ்வூர்க் கடைகளிலேயே விற்கப்பட்டவை. கப்பலில் வந்த தட்டுகளைவிடக் கப்பலில் வந்த கருவிகளுக்கும் உடைகளுக்கும் நல்ல சான்று உண்டு. நியூயார்க்கில் ஒரு மாலுமி 1957-ல் வாங்கிவந்த கித்தாரை ஜார்ஜ் ஹாரிசன் 1961-ல் அவரிடமே விலைக்கு வாங்கினார். இதற்குமேல் கப்பல்மேல் பாரம் ஏற்றாதிருப்பது நலம்.

வேறு இரண்டு காரணங்கள் எளியவை, ஆதலால் மறக்கப்படுபவை. ஒன்று, கட்டாய இராணுவச் சேவை. 1939 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த இளைஞர்களை அரசு படைக்கு அழைக்கவில்லை. ஜான் லெனன் பிறந்தது 1940 அக்டோபரில். சில ஆண்டுகள் முன்னே பிறந்திருப்பின், பாட்டுக்குரிய வயதில் அவர் ஏதோ ஒரு பாசறையில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருப்பார். மற்றொன்று, மலிவு. லோனி டோனகன் என்பவர் பாடிய ஒரு பாட்டு 1956-ல் நாடெங்கும் பரவியது. அதை வாசிக்க ஒரு மலிவான கித்தாரும், துணி துவைக்கும் தகரப் பலகையும், தேயிலைப் பெட்டியில் கோலும் கயிறும் கட்டிச் செய்த ஒரு தந்திக் கருவியும் போதும். பள்ளி மாணவர்கள் நூற்றுக்கணக்கில் குழு அமைத்தனர். அவற்றுள் ஒன்று ஜான் லெனனின் குவாரிமென். 1957 ஜூலை 6-ஆம் நாள் ஊல்டன் என்னும் புறநகரின் மாதாகோவில் விழாவில் அக்குழு வாசித்தபோதுதான் பால் அவரைச் சந்தித்தார்.

பிள்ளைகள் ஆயிரம் பேர் வாசிக்கலாம். வாசிக்க ஓர் இடம் வேண்டுமே! மதுக்கடைகள் சிறுவர்களுக்கு உரியவை அல்ல. நடன மாளிகைகள் வயதானவர்களின் குழுக்களையே விரும்பின. இங்கேதான் மோனா பெஸ்ட் வருகிறார்.

அம்மையாருக்குப் பெரிய வீடு ஒன்றின்மேல் ஆசை. கையில் பணமில்லை. 1954-ஆம் ஆண்டு டெர்பிக் குதிரைப் பந்தயத்தில், தம் நகைகளை அடகு வைத்து, வெல்லும் என்று எவரும் நம்பாத ஒரு குதிரையின்மேல் பணம் கட்டினார் என்பது அவர் குடும்பத்தார் கூறும் செய்தி. குதிரை ஒன்றுக்கு முப்பத்துமூன்றாகக் கொடுத்து முதலில் வந்தது. (மாணவர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. மற்றக் குதிரைகளின்மேல் கட்டியவர்களின் வரலாறு எழுதப்படுவதில்லை.) அப்பணத்தைக் கொண்டு வெஸ்ட் டெர்பி என்னும் பகுதியில், முன்னர் ஓர் அரசியல் கட்சியின் மன்றமாயிருந்த பதினைந்து அறை வீட்டைப் பின்னாளில் வாங்கினார். அதன் அடியில் நிலக்கரி கொட்டும் நிலவறைகள் இருந்தன. இலண்டனில் இளைஞர்கள் கூடும் ஒரு காப்பிக் கடையைத் தொலைக்காட்சியில் கண்டவர், தம் மக்களும் அவர்தம் நண்பர்களும் கூட அப்படி ஓர் இடம் அமைப்போம் என்று துணிந்தார்.

1959 ஆகஸ்டு 29-ஆம் நாள் 'காஸ்பா' என்னும் பெயரில் அந்தக் காப்பி மன்றம் திறக்கப்பட்டது. முதல் இரவே சுமார் முந்நூறு பேர் வந்தனர் என்பர். வாசித்தவர்கள் குவாரிமென். வாசிக்கு முன்பு அவர்களே தூரிகை பிடித்துச் சுவரிலும் கூரையிலும் வண்ணம் தீட்டியிருந்தனர். பால் ஓர் அறையின் கூரையில் வானவில் நிறங்களை வரைந்தார். மதுவில்லை. காப்பியும் குளிர்பானமும் தின்பண்டமும் மட்டுமே.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. குழுவுக்கு இரவொன்றுக்கு மூன்று பவுன் ஊதியம், நால்வர், ஆளுக்குப் பதினைந்து ஷில்லிங். அன்று கென் பிரவுன் என்னும் உறுப்பினருக்கு உடல்நலமில்லை. அவர் வாசிக்கவில்லை, வாயிலில் அமர்ந்து உதவினார். அம்மையார் அவருக்கும் பதினைந்து ஷில்லிங் கொடுத்தார். வாசிக்காதவனுக்கு ஏன் பங்கு என்று மற்ற மூவரும் சினந்து, காஸ்பாவில் இனி வாசிப்பதில்லை என்று வெளியேறினர். மூன்று பவுனையும் மூவருக்கே பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு பவுன். வேறுபாடு ஐந்து ஷில்லிங். அந்த மூவர்தாம் ஜான், பால், ஜார்ஜ். பின்னாளில் மூவரும் பெருஞ்செல்வர் ஆயினர். என்னைக் கேட்டால் அன்று நியாயம் அம்மையார் பக்கமே இருந்தது என்பேன். பின்னர் அவர்களே திரும்பி வந்தனர் என்பது வேறு விஷயம்.

நகரின் நடுவே, மாத்யூ தெருவில், மற்றொரு நிலவறை இருந்தது. தெருவின் இருபுறமும் பழங்களையும் காய்களையும் அடுக்கிய பண்டகசாலைகள். போர்க்காலத்தில் குண்டுக்கு அஞ்சி மக்கள் பதுங்கிய அறை அது. ஆலன் ஸைட்னர் என்பவர், பாரிஸில் கண்ட ஒரு நிலவறை இசையரங்கை மனத்தில் கொண்டு, 1957 ஜனவரி 16-ல் அங்கே ஜாஸ் இசைக்காக 'கேவர்ன்' என்னும் மன்றத்தைத் திறந்தார். அவருக்கு ராக் இசை அறவே ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்டில் குவாரிமென் அங்கு வாசித்தபோது, அந்த இசையை நிறுத்துக என்று மேடைக்குச் சீட்டு அனுப்பினாராம். 1960 ஜனவரியில் ரோரி ஸ்டார்ம் என்பவரின் குழு துணிந்து ராக் வாசிக்க, ஜாஸ் ரசிகர்கள் செப்புக் காசுகளை வீசி அடித்தனர். குழுவினர் காசுகளைப் பொறுக்கிக்கொண்டனர். அதே ரோரி, அதே மே மாதம் 25-ஆம் நாள், அதே மேடையில் முதல் ராக் இரவை நடத்தினார்! முந்தைய ஆண்டிலேயே மன்றம் ரே மக்பால் என்பவரின் கைக்கு மாறியிருந்தது; அவர் வாயிலில் சேரும் கூட்டத்தின் கணக்கை அறிந்தவர். ரோரி ஸ்டார்ம் பேசும்போது திக்குவார்; பாடும்போது திக்கமாட்டார். அவர் குழுவில் டிரம் வாசித்தவரே பிற்பாடு பீட்டில்ஸில் சேர்ந்த ரிங்கோ ஸ்டார்.

கேவர்னை வருணிக்கக் கேளுங்கள். தெருவிலிருந்து பதினெட்டுக் கற்படிகள் கீழே இறங்கும். செங்கல் வளைவுகள் கொண்ட மூன்று நீள் குகைகள். நடுக்குகையின் கோடியில் ஒரு சிறு மேடை. காற்றுக்கு வழியில்லை. நூற்றுக்கணக்கானோரின் மூச்சு சுவரில் படிந்து நீராய் வழியும். அந்த நீர் மின்கருவியில் இறங்கி விளக்கும் ஒலியும் அணைந்துபோவதும் உண்டு. மேலேயுள்ள அழுகிய பழங்களின் நெடியும், கழுவும் மருந்தின் நெடியும், வியர்வை நெடியும் உடையில் ஒட்டி வீடு வரை வரும். இங்கும் மதுவில்லை, தேநீர், காப்பி, சூப்பு. இன்னொரு விந்தை, நண்பகல் நிகழ்ச்சி. சுற்றியிருந்த அலுவலகங்களில் தட்டெழுத்து வேலை பார்த்த பெண்கள் உணவு இடைவேளையில் படியிறங்கி வந்து, ரொட்டித் துண்டைக் கையில் வைத்தபடியே ஆடிவிட்டு, மணி அடிக்குமுன் அலுவலகம் திரும்புவர். வாயிலில் மேலங்கிகளை வாங்கி வைக்கும் பெண் ஒருத்தி அவ்வப்போது மேடையேறிப் பாடுவாள். அவளே பின்னாளில் புகழ்பெற்ற சில்லா பிளாக். ஓர் ஊரின் 'இரவு வாழ்க்கை' நடுப்பகலில் தொடங்கிய விந்தை இது. குடியும் சூதும்தான் இரவு என்று எண்ணும் நம் பெரியோர் சிலருக்கு இது செய்தியாக இருக்கும்.

குடியும் சூதும் மிகுந்த ஊரும் இக்கதையில் உண்டு. அது ஜெர்மனியின் ஹாம்பர்க். அதுவும் துறைமுகமே. 1943 ஜூலையில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்நகரில் மூட்டிய தீயில் 35,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1960 ஆகஸ்டு 17-ல், குண்டுபட்ட ஓர் ஊரின் ஐந்து பிள்ளைகள் குண்டுபட்ட மற்றோர் ஊரின் மாலுமிகளுக்கு முன் வாசிக்கத் தொடங்கினர். டிரம் வாசிக்க ஆளில்லை என்பதற்காகப் பீட் பெஸ்டைப் புறப்படுமுன் சேர்த்துக்கொண்டிருந்தனர். இரவொன்றுக்கு நாலரை மணி, வார இறுதியில் ஆறு மணி நேரம் வாசிப்பு. படுக்கை, ஒரு திரைப்படக் கொட்டகையின் திரைக்குப் பின்னே, கழிவறையை ஒட்டிய இருட்டறை. அத்தனை நேரம் வாசிக்கப் பாட்டுப் போதாமையால் கற்றுக்கொண்டே இருந்தனர். பதினெட்டு வயது நிரம்பாதவர் இரவு பத்து மணிக்குமேல் அப்பகுதியில் இருக்கலாகாது என்பது அவ்வூர்ச் சட்டம். ஜார்ஜின் வயது வெளிப்பட்டு நவம்பரில் திருப்பி அனுப்பப்பட்டார்.

அப்பயணத்தில் அவர்களோடு ஊர்தியில் ஹாம்பர்க் வரை சென்றவர்களுள் ஹரால்டு பிலிப்ஸ் என்பவர் ஒருவர். 'லார்டு உட்பைன்' என்று ஊரார் அழைப்பர். டிரினிடாடு தீவில் பிறந்து, 1948-ல் 'வின்ட்ரஷ்' கப்பலில் இங்கிலாந்து வந்த கருநிற இசைவாணர். லிவர்ப்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் அவரைப் போன்றோர் நடத்திய சிறு மன்றங்களில் இரவு முழுதும் இசை ஒலித்தது. பீட்டில்ஸ் அங்கும் சென்று கேட்டுப் பயின்றவர்களே. அப்பகுதியின் கருநிற இளைஞர்கள் ஐவர் 'சாண்ட்ஸ்' என்னும் குரலிசைக் குழுவை அமைத்திருந்தனர். 1962-ல் அவர்கள் கேவர்னில் பாடியபோது பின்னணி வாசித்தவர்கள் பீட்டில்ஸ். ஆயினும் பின்னவருக்குத் திறந்த கதவு முன்னவருக்குத் திறக்கவில்லை. 'லிவர்பேர்ட்ஸ்' என்று நான்கு பெண்கள் 1963-ல் தொடங்கிய குழுவும் உண்டு. அவர்களை ஆதரித்தது பிறந்த ஊரைவிட ஹாம்பர்க்கே. 1964-ல் அங்குள்ள ஸ்டார் கிளப்புக்குச் சென்று, 1968 வரை ஜெர்மனியிலேயே வாசித்தனர். லிவர்ப்பூல் இசை என்றால் நான்கு வெள்ளை இளைஞர்கள் என்று சுருக்கிச் சொல்லும் நூல்களில் இவர்கள் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவும் இடம்பெறவில்லை.

1960 டிசம்பர் 27-ல் லிதர்லாண்டு நகரமன்றத்தில் வாசித்தபோது, 'நேரே ஹாம்பர்க்கிலிருந்து' என்ற விளம்பரத்தைக் கண்டு, இவர்கள் ஜெர்மானியர் என்றே பலர் நம்பினர். நன்றாக ஆங்கிலம் பேசுகிறார்களே என்று வியந்தனராம்! 1961 பிப்ரவரியில் கேவர்னில் இடம்பெற்றனர். அங்கு அவர்கள் வாசித்தது 292 முறை என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நாட்குறிப்புகளை வைத்து எண்ணிய ஆய்வாளருக்கு அதைவிடக் குறைவே கிடைத்தது. 1961 நவம்பர் 9 நண்பகல், அருகிலிருந்த இசைத்தட்டுக் கடையின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் அந்தப் படிகளில் இறங்கி வந்தார். பின் நடந்தது உலகறிந்தது. உலகம் அவ்வளவாக அறியாத பகுதி, 1962 ஆகஸ்டு 16-ல் எப்ஸ்டீன் தம் அலுவலகத்துக்குப் பீட் பெஸ்டை அழைத்து, உன் இடத்துக்கு ரிங்கோ வருகிறார் என்று சொன்னது. நண்பர்கள் மூவரும் முகம் கொடுக்க வரவில்லை. மாத்யூ தெருவில் ரசிகர்கள் பீட்டின் பெயரைச் சொல்லிக் கூவினர். கைகலப்பில் ஜார்ஜுக்கு ஒரு கண் கறுத்து வீங்கியது. முதல் இசைத்தட்டு அக்டோபர் 5-ல் வந்தது. சென்னையில் பிறந்தவர் பின்னர் பல ஆண்டுகள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு ஊழியராக இருந்தார். காஸ்பா அவ்வாண்டு ஜூனிலேயே மூடப்பட்டிருந்தது.

1963-ல் அந்நகரம் நாட்டையே ஆண்டது எனலாம். ஜெர்ரி அண்டு தி பேஸ்மேக்கர்ஸ் குழுவின் முதல் மூன்று இசைத்தட்டுகளும் முதலிடம் பிடித்தன. மூன்றாவது பாட்டை அவ்வூர்க் கால்பந்து ரசிகர்கள் இன்றும் மைதானத்தில் பாடுகிறார்கள். என் ஸெர்ச்சர்ஸும் அவ்வாண்டு முதலிடம் கண்டனர். ஆனால் புகழ் பெற்ற குழு எதுவும் ஊரில் தங்கவில்லை. இசைப்பதிவுக் கூடங்கள் இலண்டனில் இருந்தன. பீட்டில்ஸ் கேவர்னில் கடைசியாக வாசித்தது 1963 ஆகஸ்டு 3. அடுத்த ஆண்டு ஜூலை 10-ல் நகராட்சி வரவேற்புக்கு வந்தபோது தெருக்களில் இரண்டு இலட்சம் பேர் நின்றனர் என்பர். அவர்கள் வந்து போனார்கள், அவ்வளவே. 1966 பிப்ரவரியில் கேவர்ன் கடனில் மூழ்கி மூடப்பட்டது. ஜூலையில் பிரதமர் ஹரால்டு வில்சனே வந்து மீண்டும் திறந்துவைத்தார். பிரதமர் திறந்த கட்டடத்துக்கு ஆயுள் கெட்டி என்று நாம் நினைப்போம்.

துறைமுகமும் அதே ஆண்டுகளில் தளர்ந்தது. சரக்குகள் இரும்புப் பெட்டகங்களில் அடைத்து வரத் தொடங்கின; பழைய துறைகளுக்கும் ஆயிரக்கணக்கான தோள்களுக்கும் வேலையில்லாமற் போயிற்று. தெற்குத் துறைகள் 1972-ல் மூடப்பட்டன. 1931-ல் எட்டரை இலட்சமாயிருந்த நகர மக்கள்தொகை 1981-ல் ஐந்து இலட்சத்துச் சொச்சமாகக் குறைந்தது. பஞ்சு வாணிக நிலையத்தின் அழகிய முகப்பை 1967-ல் இடித்தனர். அடுத்த முறை கேவர்னுக்கு வந்தது. நிலத்தடி இரயில் பாதைக்குக் காற்றுக்குழி ஒன்று தேவை என்று இரயில்வே நிர்வாகம் அந்த இடத்தைக் கேட்டது. 1973 மே 27-ல் கடைசி இரவு. மேலிருந்த பண்டகசாலையை இடித்து, அந்த இடிபாடுகளையே வளைவுகளுக்குள் தள்ளி நிலவறையைத் தூர்த்தனர். காற்றுக்குழியோ, அங்கே தோண்டப்படவே இல்லை. மாத்யூ தெருவின் அந்த மனை ஊர்திகள் நிறுத்தும் திடலாகக் கிடந்தது.

இதைக் கேட்டு ஆங்கிலேயரை எள்ளி நகைக்க எனக்கு வாயில்லை. எங்கள் ஊரில் ஒரு பஞ்சுக் கிட்டங்கி இருந்தது. பஞ்சு வரத்து நின்றபின், கோடைக்காலத்தில் நாடகக் குழுக்கள் அதில் கொட்டகை அமைத்து இரவு முழுதும் ஆடும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முதன்முதலாக ஒரு பெண் வேடக்காரரின் பாட்டைக் கேட்டு நான் அழுதது அங்கேதான். நான் ஆசிரியனாகி ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் அதை இடித்தார்கள். கடை வரிசை கட்டப்போவதாகச் சொன்னார்கள். பத்தாண்டுகள் அங்கே கருவேலம் வளர்ந்தது. இடித்த அன்று நான் வகுப்பில் எகிப்தியப் பிரமிடுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

1980 டிசம்பர் 8-ல் ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். உலகெங்குமிருந்து வந்த மக்கள் மாத்யூ தெருவில் பூக்களை வைக்க இடந்தேடினர். அப்போதுதான் நகரத்தார் விழித்துக்கொண்டனர். 1982-ல் திடலைத் தோண்டிப் பார்த்தபோது, இடிப்பில் வளைவுகள் நொறுங்கியிருந்தன. மீட்க இயலாது என்று பொறியாளர் கூறிவிட்டனர். பழைய செங்கற்கள் சுமார் 15,000-த்தை எடுத்து, பழைய இடத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கி, புதிய கேவர்னைக் கட்டி 1984-ல் திறந்தனர். இன்று சுற்றுலாவினால் அந்நகரம் ஈட்டும் வருவாயில் அந்தச் செங்கற்களுக்குப் பெரும் பங்குண்டு. ஹாம்பர்க்கின் ஸ்டார் கிளப்போ 1969-ன் கடைசி நாளில் மூடி, 1983-ல் தீக்கிரையாயிற்று. லிவர்ப்பூல் துறைமுகக் கரையை 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது; கரையில் எழுந்த, எழவிருந்த புதுக் கட்டடங்களைக் காரணங்காட்டி 2021-ல் அப்பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

மற்றொரு நிலவறை என்னவாயிற்று? மோனா அம்மையார் காஸ்பாவை மூடியபின் அதை எவரும் இடிக்கவில்லை, தூர்க்கவில்லை. காரணம் எளிது: அது ஒரு குடும்பத்தின் வீட்டு அடியில் இருந்தது. கதவைச் சாத்தினார்கள், வண்ணங்கள் இருட்டில் அப்படியே இருந்தன. அம்மையார் 1988-ல் காலமானார். 2006-ல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. பீட்டில்ஸின் பெயர் பெருகிய காலத்தில் அவர்களால் விலக்கப்பட்டவரின் வீடே அவர்கள் கையால் தீட்டிய கூரையைக் காத்து வைத்திருந்தது.

பணி ஓய்வுக்குப்பின் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது இரண்டையும் கண்டேன். புதிய கேவர்னில் கூட்டம் நெரிந்தது, ஓர் இளைஞர் கித்தார் வாசித்துக்கொண்டிருந்தார், நன்றாகவே வாசித்தார். காஸ்பாவில் நாங்கள் ஏழெட்டுப் பேர். அறைகள் அவ்வளவு சிறியவை. வானவில் கூரையின்கீழ் தலையைச் சற்றுக் குனிந்தே நின்றேன். நிறங்களின் ஓரம் நேராக இல்லை. அவசரத்தில் தீட்டிய பிள்ளையின் கை தெரிகிறது. அன்றிரவு தமையனாரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். எண்பதை நெருங்குபவர், காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஸெர்ச்சர்ஸ் அங்கே வாசித்திருக்கிறார்களா என்று விசாரித்தார். ஆம், அவர்களும் அங்கே வாசித்தவர்களே என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, அப்படியானால் அவர்களும் நல்ல குழுதான் என்றார்.